விட்டத்தை வெட்டச் சொன்னவள்

எனக்குக் கூரையைப் பார்க்கும் வியாதி உண்டு. கல்யாண மண்டபமோ பல் டாக்டரின் வீட்டு வராந்தாவோ, உள்ளே நுழைந்ததும் கண் மேலேதான் போகும். எது எதைத் தாங்குகிறது என்று பிடிபட்ட பிறகுதான் நாற்காலியில் உட்காருவேன். சிவில் டிப்ளமா படித்து, புனே கேம்ப் பக்கம் ஒரு அலுவலகத்தில் பல வருடம் கட்டிட வரைபடம் போட்டவள் என்பதால், தொழில் புத்தி என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எனக்கல்லவா தெரியும், அது சுத்தமான பயம். அந்தப் பயம் என்னைத் தொற்றிக்கொண்ட இடம் ஒரு சின்னக் கற்கோயில்.

கோயில் என்று சொன்னாலே எங்கள் சபை ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு அது 'கூடுகை ஹால்'. தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி கோர்படி ரயில்வே காலனிக்கு வந்தபோது, முதல் ஞாயிற்றுக்கிழமையே என் கணவர் என்னை தவுண்ட் பாசஞ்சரில் ஏற்றி அங்கே கூட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரப் பயணம். ஒரு கிராமத்து ஸ்டேஷனில் இறங்கி, கரும்புக் காட்டு ஓரமாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ரயில் பாதை போட வந்த வெள்ளைக்காரர்களில் சிலர், பிஷப்பும் வேண்டாம் பாதிரியும் வேண்டாம் என்று தனியாகக் கூடி ஜெபித்தவர்கள், அந்தக் கிராமத்தில் இதைக் கட்டிவிட்டுப் போனார்களாம். பிறகு கோர்படியிலும் கட்கியிலும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் கையில் அது வந்து சேர்ந்தது.

கோபுரம் இல்லை, மணி இல்லை, உச்சியில் சிலுவைகூட இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ரயில்வே சரக்குக் கொட்டகை என்றுதான் தோன்றும். கருங்கல் சுவர், மேலே மங்களூர் ஓடு. ஆண்களுக்கு ஒரு கதவு, பெண்களுக்கு ஒரு கதவு. உள்ளே பலிபீடம், படம், மெழுகுவர்த்தி எதுவும் கிடையாது. நடுவில் ஒரு சாதாரண மர மேசை, அதன் மேல், ஞாயிறு தோறும் இயேசுவின் நினைவாக எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு அப்பமும் ஒரு கிண்ணமும். அதைச் சுற்றி பெஞ்சுகள். இடது பக்கம் சகோதரிகள் முக்காட்டோடு, வலது பக்கம் சகோதரர்கள். ஜன்னல்கள் உயரத்தில் இருப்பதால், உட்கார்ந்தால் வானம் மட்டும் தெரியும். கரும்பையும் எருமையையும் பார்த்து மனம் அலையக் கூடாது என்று அப்படிக் கட்டியிருப்பார்கள் போலும். நான் அலைவதற்குக் கூரை போதுமானதாக இருந்தது.

அந்தக் கூரையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேல் பூச்சு, தட்டி, பலகை என்று எதையும் மறைத்து வைக்கவில்லை. நான்கு இடத்தில் கைமரங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து உச்சியில் சேரும். ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே, சுவருக்குச் சுவர் ஒரு தேக்கு விட்டம். அந்த விட்டத்துக்கு ஒரே வேலைதான். பெயிண்ட் அடிக்கிறவர்கள் இரட்டை ஏணியின் நடுவில் ஒரு கயிறு கட்டுவார்கள் அல்லவா, அந்தக் கயிற்றின் வேலை. கயிறு அறுந்தால் ஏணியின் கால்கள் அகன்றுகொண்டே போகும். விட்டம் போனால் கைமரங்கள் அகலும், அகலும்போது சுவரை வெளியே தள்ளும். பிரசங்கம் நீளும் நாட்களில் நான் மேலே பார்த்து, பாரம் எப்படி இறங்கி வருகிறது என்று ஒவ்வொரு மரமாகப் பிடித்துக்கொண்டு வருவேன். அதுவும் ஒரு தியானம்தான் என்று சொல்லிக்கொள்வேன்.

எங்கள் சபையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது. பாட்டில் சேர்ந்து பாடலாம், அவ்வளவுதான். ஜெபிப்பதும் பேசுவதும் ஆண்கள். சபைக் காரியம் எதுவானாலும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சகோதரர்கள் கூடி முடிவெடுப்பார்கள். ஒரு பெண்ணுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கணவரிடம் சொல்ல வேண்டும், அவர் போய்ச் சொல்வார். பதிலும் அவர் வழியாகத்தான் வரும். எனக்குப் பிறந்த வீட்டிலிருந்தே பழக்கமான ஏற்பாடுதான். என் கணவர் நல்லவர், ஆனால் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். நான் பத்து வாக்கியம் சொல்லி அனுப்பினால் அங்கே ஒன்றரை வாக்கியம் போய்ச் சேரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வாகட் பக்கம் அடுக்குமாடிகள் முளைத்தன. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் எங்கள் சபையைக் கண்டுபிடித்து காரில் வந்து இறங்கினார்கள். பெஞ்சில் இடமில்லை. பின்பக்கம் ஒரு மரப்பரண் போட்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அதில் உட்கார வைக்கலாம் என்று முடிவானது. பரணுக்கு நான்தான் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். சொந்தத் தூண்களின் மேல் நிற்கிற பரண், சுவரைத் தொடாது. என் கணவர் கொண்டுபோய்க் கொடுத்தார். வரைபடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வேலை நடந்த மே மாதத்தில் நான் மகளைக் கூட்டிக்கொண்டு, தம்பி கல்யாணத்துக்காகத் திருநெல்வேலியில் இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள், வீடு நிறைய ஆட்கள், கையில் மருதாணி. அப்போது கணவரிடமிருந்து போன். அக்கா மகள்தான் போனை என் காதில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, பரணுக்கு மேல குறுக்க ஒரு கட்டை போவுதுல்லா, அது எல்லாருக்கும் நெத்தியில இடிக்கு. அத எடுத்துரலாமான்னு கேக்காங்க."

அந்த இடத்தில், பழைய மின்விசிறி ஒன்றைத் தொங்கவிட யாரோ எப்போதோ அடித்த ஒரு குறுக்குச் சட்டம் இருந்தது. விசிறி போய் பல வருடமாகிவிட்டது. என் மனதில் வந்து நின்றது அதுதான்.

"அந்தக் கட்டையா? அது எதையும் தாங்கலங்க. எடுத்துட்டுப் போங்க."

"நல்லா யோசிச்சுத்தான சொல்லுத?"

"ஆமா, ஆமா. இங்க ஒரே சத்தமா இருக்கு, வைக்கட்டுமா?"

எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவருக்குப் போகிறது, எவ்வளவு பருமன் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். அலுவலகத்தில் கேட்காமல் ஒரு கோடு போட மாட்டேன். அன்று மருதாணி கலைந்துவிடுமே என்ற கவலை எனக்கு.

ஜூன் மாதம் திரும்பி வந்த முதல் ஞாயிறு, கூடுகை முடிந்து மகளின் தண்ணீர்க் குப்பியை எடுக்கப் பரணில் ஏறினேன். மேலே பார்த்தேன். விசிறிச் சட்டம் அப்படியே இருந்தது. கடைசி விட்டத்தைக் காணவில்லை. இரண்டு சுவரிலும் ஒரு முழ நீளத்துக்குத் தேக்கு முண்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கூரை உச்சியிலிருந்து அந்த விட்டத்தின் நடுவுக்கு இறங்கிய குத்துக்கட்டையையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். அறுத்த முனைகளைக் கையில் கீறாதபடி இழைத்து, வார்னிஷ்கூட அடித்திருந்தார்கள். அவ்வளவு சிரத்தை. பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கீழே வந்து கணவரைத் தனியாக இழுத்துக் கேட்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"நீதான சரின்னு சொன்ன?"

"நான் விசிறிக் கட்டையன்னு நெனச்சேன்."

"நான் விட்டத்தத்தான கேட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசி ஜோடிக் கைமரங்களின் கீழே பிடிமானம் எதுவும் இல்லை. அவற்றுக்கு நேர் கீழே, ஞாயிறு தோறும் இருபதுக்கு மேல் பிள்ளைகள் உட்காருகிறார்கள். மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. ஓடு நனைந்தால் கனம் ஏறும்.

செவ்வாய்க்கிழமை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். பிள்ளைகளை இறக்க வேண்டும், முட்டுக் கொடுக்க வேண்டும், விட்டத்துக்குப் பதிலாக இரும்புக் கம்பி போட வேண்டும் என்று தாளில் எழுதியும் கொடுத்தேன். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றுவதிலேயே நேரத்தைப் போக்கினார்.

"என்ன சொன்னாங்க?"

"ஜெபிச்சாங்க."

"எதுக்கு?"

"உன் பயம் நீங்கணும்னு."

தாளை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சரி என்று சொன்னதே நான்தான் என்று வெளியே வந்தால் எனக்கு அவமானம் என்று நினைத்து, என் பெயரைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். 'அவளுக்குக் கூரையைப் பார்த்தால் பயமாக இருக்கிறதாம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பத்து ஆண்கள் முழங்கால்படியிட்டு என் பயத்துக்காக வேண்டியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டேன். அவர் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய அந்த ஒன்றரை வாக்கியம் எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு மகளுக்குக் காய்ச்சல் வரும் போலிருக்கிறது என்று பொய் சொல்லி அவளை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். மற்றவர்களின் பிள்ளைகள் தடதடவென்று பரணில் ஏறினார்கள். ஒவ்வொரு காலடிச் சத்தமும் என் முதுகில் விழுந்தது. என் பிள்ளையை மட்டும் இறக்கிவிட்டு அங்கே உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

சனிக்கிழமை தோறும் ஹாலைப் பெருக்கித் துடைப்பது சகோதரிகளின் முறை. அந்த வார முறைக்காரியிடம் கேட்டு என் பெயரை மாற்றிக்கொண்டேன். ஹாலுக்கு எதிர்வீட்டில், நாங்கள் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் மராத்திக்கார அம்மாவிடம் சாவி வாங்கி, துடைப்பத்தோடு, கொத்தனார்கள் சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு ஒன்றும் கொண்டுபோனேன். பரணில் நின்று, நூலைச் சுவரின் உச்சியிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்துத் தொங்கவிட்டேன். அடியில் அது சுவரிலிருந்து மூன்று விரல்தான் தள்ளி நின்றது. சுவர் ஒரு விரல் வெளியே சாய்ந்திருக்கிறது. பின்சுவரோடு சேரும் மூலையில், மேலே அகலமாகவும் கீழே மெலிதாகவும் ஒரு விரிசல் இறங்கியிருந்தது. அது பழைய விரிசலா புதியதா என்று எனக்குத் தெரியவில்லை. படத்துக்குச் சட்டம் போடும் கடையில் வாங்கிய மெல்லிய கண்ணாடிப் பட்டைகள் இரண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, முனைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து ஒட்டினேன். சுவர் இன்னும் நகர்கிறது என்றால் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் நான் வாயை மூடிக்கொள்ளலாம்.

அந்த வாரம் முழுக்க மழை. அலுவலகத்தில், எங்கோ ஒரு கட்டிடத்தில் நடந்தது போல எங்கள் சீனியர் இன்ஜினியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "கிஸ் கதே நே காட்னே கோ போலா?" என்றார். எந்தக் கழுதை வெட்டச் சொன்னது என்று கேட்டார். ஒரு டிப்ளமாக்காரி என்றேன். உடனே முட்டுக் கொடுக்க வேண்டும், அதுவரை ஒரு ஆள்கூட அதன் கீழே உட்காரக் கூடாது, கூரை எச்சரித்துவிட்டு விழாது என்றார். தலையை ஆட்டிவிட்டு என் மேசைக்கு வந்து, ஒரே கோட்டை மூன்று தடவை அழித்துப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் முறையை மாற்றி வாங்கிக்கொண்டு போனேன். மேல் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. துண்டுகளுக்கு நடுவில் நகம் நுழைந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "நாளைக்கு ஆரம்பிக்க முன்னாடியே மூப்பர்ட்ட நான் சொல்லுதேன். இந்தத் தடவ முழுசா சொல்லுதேன்" என்றார். மூப்பர் என்றால் சபையை நடத்துகிற பெரியவர். ஆர்டனன்ஸ் ஃபேக்டரியில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர், கெட்டவர் இல்லை. கணவர் சொல்வார் என்று நம்பினேன். நம்பாமல் வேறென்ன செய்வது?

ஞாயிறு காலை மழையில் பாசஞ்சர் எங்கேயோ நின்றுவிட்டது. நாங்கள் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது முதல் பாட்டு முடிந்திருந்தது. கணவர் வலது பக்கம் போய், மூப்பரின் காதருகே குனிந்தார். மூப்பர் கண்ணைத் திறக்காமல் கையை உயர்த்தினார். பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். கணவர் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்தார். மேலே பிள்ளைகள் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஓட்டின் மேல் மழை இரைந்தது. நான் மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் "அம்மா, வலிக்கு" என்று முனகினாள்.

அப்பம் பிட்பதற்கு முன் ஒரு மௌனம் உண்டு. ஆவியானவர் ஏவுகிற சகோதரர் யாராவது எழுந்து ஜெபிக்கும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். அன்று எழுந்து நின்றது நான். எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்து பக்கத்திலிருந்த சகோதரி என் முழங்கையைப் பிடித்தாள்.

"மேல இருக்க பிள்ளைகளக் கீழ இறக்குங்க. எல்லாரும் வெளிய போயிருங்க. விட்டத்த வெட்டலாம்னு சொன்னது நான்தான். பாக்காமச் சொல்லிட்டேன். செவுரு தள்ளுது."

என் குரல் அந்த ஹாலில் எப்படி ஒலிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கற்சுவரில் பட்டு, நான் நினைத்ததைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. ஒருவரும் அசையவில்லை. மூப்பர் கண்ணைத் திறந்து, கோபமில்லாமல், "சிஸ்டர், உக்காருங்க" என்றார். எங்கள் உடம்பில் ஊறிப்போன கீழ்ப்படிதல் எப்படிப்பட்டது என்றால், எனக்கு முழங்கால் மடங்கத் தொடங்கிவிட்டது.

அப்போது என் கணவர் எழுந்தார். முகமெல்லாம் வியர்வை. பெஞ்சுகளைத் தாண்டி நடந்து, பரணின் படியேறி, முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அடுத்து வாகட்டிலிருந்து வரும் ஆறடி உயரத் தம்பி ஒருவர் ஏறினார். விட்டத்தில் அதிகமாக நெற்றியை இடித்துக்கொண்டவர் அவர்தான். "வாங்க கண்ணு, மெதுவா, மெதுவா" என்று அவர் சொல்வது கேட்டது. பிறகு தாய்மார்கள் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கதவு வழியாகவும் எல்லோரும் மழைக்குள் போய்விட்டோம்.

கூரை விழவில்லை. மாவ்ஷி வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு மணி நேரம் நெருக்கியடித்து நின்றோம். கட்டிடம் எதிரே அசையாமல் நின்றது. விழட்டும் என்று ஒரு கணம் நான் ஆசைப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆசைப்பட்டேன்.

மறுநாள் எங்கள் சீனியர் இன்ஜினியரைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். மூப்பரும் வந்திருந்தார். இன்ஜினியர் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார், எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு முட்டுக்கு ஆள் தேட அனுப்பினார். இரண்டு வாரத்தில் விட்டம் இருந்த இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு இரும்புக் கம்பி ஏறியது. சுவருக்கு வெளியே தட்டு வைத்து, நட்டு முடுக்கினார்கள்.

அது முடிந்த வாரம் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். மகளின் படிப்பை விசாரித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"விட்டத்த வெட்டச் சொன்னது தெரியாம வந்த தப்பு. அதுக்கு ஒண்ணுமில்ல, ஆண்டவர் மன்னிச்சாச்சு. ஆனா கூடுகையில பேசிட்டாங்கள்லா. அத அப்படியே விட முடியாது தம்பி. மூணு மாசம் அப்பத்துல பங்கு வேண்டாம். பின் பெஞ்சுல இருக்கட்டும்."

கணவர் முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினார். "அவ பேசலன்னா பிள்ளைக..." என்று தொடங்கினார். மூப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் தம்பி. எம் பேத்தியும் மேலதான் இருந்தா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை. அந்த மனிதரை எனக்கு இன்றுவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

மூன்று மாதமும் நான் போனேன். வேறு சபைக்குப் போகலாம் என்று கணவர் சொன்னார். நான் கேட்கவில்லை, அந்தக் கம்பியைப் பார்க்காமல் எனக்கு ஒரு வாரம் ஓடாது. பின் பெஞ்சு பரணுக்கு நேர் கீழே இருந்தது. அப்பத் தட்டு கைமாறிக் கைமாறி எனக்கு முந்தின பெஞ்சு வரைக்கும் வந்து திரும்பிப் போகும். ஒவ்வொரு தடவையும் அழுகை முட்டிக்கொண்டு வரும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வேன். தலைக்கு மேலே பலகையில் பிள்ளைகள் காலை உதைத்துக்கொண்டே இருப்பார்கள். என் மகளும் அங்கேதான் இருந்தாள். நானே ஏற்றிவிட்டேன்.